ஒன்பதாம் மாடி மீன்

பதினோரு ஆண்டுகளுக்கு
ஓர் அட்டைப்பெட்டி போதுமாயிருந்தது.
கோப்பிக் குவளை,
அலுவலகக் குளிருக்கு வைத்திருந்த சால்வை,
பாதி தீர்ந்த தைலம்,
யாரும் கணக்குக் கேட்காத
பதினான்கு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாள்.

"அடுத்த மாசமே வேற கிடைச்சிடும்" என்றார் செழியன்.
அடுத்த மாதம் வந்தது.
அதற்கடுத்ததும்.
அவருடைய கப்பல் பட்டறையில்
வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள்.
நாங்கள் குளிரூட்டியை நிறுத்தினோம்.
தொலைபேசி ஒலித்தால்
இருவரும் ஒரே நேரம் அதைப் பார்த்து
இருவரும் ஒரே நேரம்
பார்க்காதது போலிருந்தோம்.

புக்கிட் பாஞ்சாங்கில்
எங்கள் புளோக்குக்கும் எதிர்ப் புளோக்குக்கும் நடுவே
ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று ஓடும்.
வீடுகளை நெருங்கியதும் அதன் கண்ணாடி
தானாக வெளுத்துப் பாலாகிவிடும்,
எவர் சமையலறையையும் எவரும்
பார்த்துவிடாதபடி.
நல்ல ஏற்பாடுதான்.
எனக்கும் அப்படியொரு கண்ணாடி இருந்தது.
மின்தூக்கியில் பக்கத்து வீட்டு லத்திஃபா
"இன்னிக்கு லீவா?" என்றால்
வெளுத்துவிடுவேன்.

ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி.
நாற்பத்தாறாவது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு,
ஏனென்று தெரியாமல்,
ஒரு கட்டைப் பிரித்து
வரவேற்பறை சன்னலில் ஒட்டத் தொடங்கினேன்.
ஒன்று விட்டு ஒன்று தள்ளி.
வால்தான் முதலில் வந்தது.
அறுபத்திரண்டு தாளில் ஒரு மீன்.
கண் வைக்க மறந்துவிட்டேன்.

நிறைமதி பள்ளி விட்டு வந்து
பையைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள்.
"எதிர்ல இருக்கிறவங்களுக்கு
இது அந்தப் பக்கம் நீந்தும்மா."

மறுநாள் காலை
எதிர்ப் புளோக்கில், அதே ஒன்பதாம் மாடியில்,
நீலத்தில் ஒரு பூனை.
வாயைத் திறந்தபடி.
என் மீனை நோக்கி.

சிரித்தேன். சத்தமாக.
அடுப்படியிலிருந்து செழியன் ஓடி வந்தார்,
வேலை கிடைத்துவிட்டதோ என்று.

மீனை ஒரு சன்னல் தள்ளி நகர்த்தினேன்.
பூனையும் நகர்ந்தது.
மீனுக்கொரு படகு கொடுத்தேன்.
பூனை குடை பிடித்தது.
ஏழாம் மாடியில் யாரோ
இளஞ்சிவப்பில் மழை பெய்வித்தார்கள்.
பன்னிரண்டாம் மாடியில், கண்ணாடியின் அடியோரமாக,
குட்டிக் கை எட்டும் உயரத்தில்
பச்சையாய் ஏதோ ஒன்று.
அது என்னவென்று கடைசிவரை
எங்களில் யாருக்கும் விளங்கவில்லை.

ரயில் மட்டும் நடுவில் புகுந்து
ஒன்றும் பார்க்காமல்
போய்க்கொண்டே இருந்தது.

இதற்கு ஒரு வெள்ளியும் வராது, தெரியும்.
தாள் தீர்ந்து, இரண்டு வெள்ளிக் கடையில்
புதிது வாங்கினேன்.
செழியன் ரசீதைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு படகுக்குப் பாய்மரம் வைத்தது அவர்.
இருபது வருடக் கப்பல் பட்டறைக்காரர்.
பாய்மரம் கோணல்.

விடிந்ததும் மின்னஞ்சலைத் தேடாமல்
திரைச்சீலையை விலக்கப் போகும் ஒரு கை
எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

பிறகு மூன்று நாள் பூனை இல்லை.
வெறும் கண்ணாடி,
அதில் எங்கள் புளோக்கின் நிழல்.
பெயர் தெரியாது. முகம் தெரியாது.
பூனைக்குக் கோபம் வந்தால்
காது எப்படிச் சாயும் என்பது தெரியும்.
ஒரு கேள்விக்குறி ஒட்டி வைத்தேன்.

நான்காம் நாள் பதில் வந்தது.
நீலத்தில் ஒரு சதுரம்.
மேலே இரண்டு பக்கமும் விரிந்த மூடிகள்.
செழியன் "வீடு" என்றார்.
நிறைமதி "பரிசு" என்றாள்.

அந்த வடிவம் எனக்குத் தெரியும்.
அதைத் தூக்கிக்கொண்டு
ரயிலில் நின்றே வந்திருக்கிறேன்.

பிரிக்காத கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு
கீழ்த்தளத்தைக் கடந்தேன்.
தலைக்கு மேல் ரயில் ஓடியது.
இடமிருந்து நான்காவது சன்னல்,
எந்த வாசல் என்று விரலால் எண்ணியபடி
மின்தூக்கிக்குள் ஏறினேன்.

காய்கறிப் பையோடு நின்றவர் கேட்டார்,
"இந்த புளோக்கா? பார்த்ததில்லையே."

"எதிர்ல" என்றேன்.
"மீன் வீடு."